பொருள்: அசிங்க்ரனஸ் – 'காத்திராக் கோரிக்கை' என்கலாமா?

> 'ஒத்திசைவற்ற புதுப்பிப்பு' என்றே வைத்துவிடுவோம். ஏற்கெனவே பலர் எழுதுகிறார்கள்.

வணக்கம் அண்ணா. வலை நிரலாக்கத்தில், சேவையகத்திடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்து நிற்காமல் வேலையைத் தொடர்வதைத்தான் அசிங்க்ரனஸ் (asynchronous) என்கிறோம். அதற்கு நீங்கள் சொல்லும் 'ஒத்திசைவற்ற' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. ஒத்திசைவற்ற என்றதும் ஏதோ பிசகிப்போன, ஒன்றோடொன்று பொருந்தாத நிலைதான் மனதில் வரும். இங்கே எதுவும் பிசகவில்லையே.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் செய்துகொண்டிருக்கும் பதிவுப் படிவத்தையே எடுங்கள். மாவட்டம் யாழ்ப்பாணம் என்று தெரிவு செய்தால், அடுத்த பெட்டியில் நெடுந்தீவு முதல் மருதங்கேணி வரை 15 பிரதேச செயலகங்களும் வர வேண்டும். பழைய முறையில் முழுப் பக்கமும் திரும்ப ஏறும். நிரப்பிய பெயர், முகவரி சிலவேளை அழிந்தும் போகும். இப்போது உலாவி அந்தப் பட்டியலை மட்டும் சேவையகத்திடம் கேட்கிறது. பதில் வரும்வரை பாவனையாளர் தன்பாட்டில் தொலைபேசி எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கலாம். தீவுப்பக்கம் சிக்னல் இழுபடும் இடங்களில் இது பெரிய உதவி.

நிரலிலும் இதே கதைதான். உலாவி சேவையகத்திடம் தரவு கேட்கப் பயன்படும் எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்டை (XMLHttpRequest) திறக்கும்போது மூன்றாவது மதிப்பாக 'ஃபால்ஸ்' (false) கொடுத்தால் பதில் வரும்வரை பக்கம் உறைந்து நிற்கும், பொத்தானைக்கூட அழுத்த முடியாது. 'ட்ரூ' (true) கொடுத்தால் காத்து நிற்காது. அப்படியென்றால் சொல்லும் அதையே சொல்லட்டும்: காத்திருப்புக் கோரிக்கை, காத்திராக் கோரிக்கை. செல்லாக் காசு, அழியாப் புகழ் என்று நாம் சொல்லிப் பழகிய ஆக்கம்தானே. பத்திரிகைகளில் 'காத்திரமான' என்று அடிக்கடி வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கு முதலில் கொஞ்சம் குழம்பலாம். அதனால் முதல்முறை வரும் இடத்தில் 'காத்திராத' என்று முழுதாகவே எழுதுவோம்.

பக்கத்தின் ஒரு துண்டு மட்டும் மாறுவது வேறு விஷயம். அதற்குப் 'பகுதிப் புதுப்பிப்பு' போதும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்கப் போய்த்தான் இவ்வளவு இழுபறி.

இந்த நுட்பத்தைக் குறிக்கும் அஜாக்ஸ் (Ajax – Asynchronous JavaScript and XML என்பதன் சுருக்கம்) என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். 2005 பெப்ரவரியில் வலை வடிவமைப்பாளர் ஜெசி ஜேம்ஸ் காரெட் வைத்த பெயர் அது. நுட்பம் அதற்கும் முந்தியது, 1999இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியிலேயே இருந்தது. பெயரில் எக்ஸ்எம்எல் இருந்தாலும் இன்று பெரும்பாலும் போய்வருவது ஜேஸன் (JSON) என்ற வேறொரு தரவு வடிவம்தான். விரித்து மொழிபெயர்த்தால் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிழையான விளக்கம் போய்ச் சேரும்.

இன்னொன்று பாக்கி. பதில் வந்ததும் இயங்கும் செயற்கூறு, கால்பேக். வரைபில் 'மீளழைப்பு' என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள், மாற்றிவிடலாம்.