பழைய ஹைலக்ஸ் டீசலில் காலை நேரக் கிறீச்சொலி: பெல்ட்டிலா, வேறெங்குமா?

கேள்வி — மோல்மேன் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். 1992ஆம் ஆண்டில் ஜப்பானில் தயாரான ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. 2.8 லிட்டர் 3எல் டீசல் எஞ்சின். மியான்மரில், மோல்மேனிலிருந்து தாட்டோனுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டி என்பதால், அது நின்றால் வியாபாரமும் நின்றுவிடும்.

ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழாவுக்குப் பிறகு, காலையில் எஞ்சினைக் கிளப்பியவுடன் முன்பக்கத்திலிருந்து காதைத் துளைக்கும் கிறீச்சொலி எழுகிறது. சில நிமிடங்களில் அது தானாகவே அடங்கிவிடுகிறது. ஆனால் முகப்பு விளக்கைப் போடும்போதும், தேங்கிய நீரைக் கடந்து வரும்போதும் மீண்டும் கேட்கிறது. ஸ்டியரிங்கை முழுவதுமாகத் திருப்பினாலும், ஏசியைப் போட்டு அணைத்தாலும் ஒலியில் மாற்றமில்லை.

விசிறி, வாட்டர் பம்ப், பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் ஆகிய மூன்றையும் இரண்டு வி-பெல்ட்டுகள் (ஆப்பு வடிவ வார்கள்) இணையாக ஓட்டுகின்றன. இரண்டையும் புதிதாக மாற்றினோம். ஒலி நின்று, சில வாரங்களில் திரும்பிவிட்டது. ஒரு பட்டறையில் பெல்ட்டின் மேல் சோப்பைத் தேய்க்கச் சொல்கிறார்கள். இன்னொன்றில், முடிந்த அளவுக்கு இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில் — ரங்கூன் பட்டறைக்காரர்

ஐயா, வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த எஞ்சினில் பெல்ட் நழுவுவதை வெறும் சத்தத் தொல்லையாக எண்ணி விட்டுவிடக் கூடாது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போல பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்கும் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் கருவிக்கு) போதிய வெற்றிடம் தானாகக் கிடைப்பதில்லை. அதனால் டொயோட்டாவின் எல் வரிசை டீசல்களில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே அந்த வெற்றிடத்தை உண்டாக்கும் ஒரு வேக்குவம் பம்பைப் பொருத்தியிருக்கிறார்கள். பெல்ட்டுகள் இரண்டும் அறுந்துவிட்டால் சார்ஜ் நிற்கும், வாட்டர் பம்ப் நிற்கும், அவற்றோடு பிரேக்கின் உதவி விசையும் போய்விடும். சரக்கேற்றிய வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை.

ஒலி எந்த நேரத்தில் எழுகிறது என்பதை நீங்கள் கவனமாகக் குறித்திருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கத்தினால் பவர் ஸ்டியரிங் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். ஏசியின் கிளட்ச் சேரும்போது கத்தினால் அதன் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி கிளப்பியவுடனும் விளக்கைப் போடும்போதும் கத்துகிறது. அந்த இரண்டு நேரங்களிலும் சுமை ஏறுவது ஆல்டர்னேட்டரின் மீதுதான். அது 60 ஆம்பியரை 14 வோல்ட்டில் கொடுக்கும்போது வெளியே வருவது 840 வாட். உள்ளே ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு குதிரைத்திறனை பெல்ட்டிலிருந்து இழுக்கிறது. அந்த வட்டத்தில் மிகச் சிறிய புல்லியும் (பெல்ட் ஓடும் பள்ளமுள்ள சக்கரம்) அதனுடையதே என்பதால், பெல்ட் அதைச் சுற்றிப் பிடிக்கும் பரப்பு குறைவு. நழுவல் அங்கேதான் முதலில் தொடங்கும்.

நீளமாக இழுத்துக் கத்துவது நழுவலின் ஒலி. எஞ்சின் வேகத்தோடு தாளம் தவறாமல் கீச்சுக் கீச்சென்று ஒலித்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. எஞ்சின் ஓடும்போது, கையும் துணியும் விசிறிக்கு அருகே போகாதபடி விலகி நின்று, பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஒலி சற்று நேரம் மறைந்து திரும்பினால் நேர்கோட்டுக் குறை. ஒலி கூடினால் நழுவல். தேங்கிய நீரில் உங்களுக்குக் கேட்பது இரண்டாவது வகை என்றே கருதுகிறேன்.

இனி, புது பெல்ட் ஏன் சில வாரங்களில் தோற்றது என்பதற்கு வருவோம். வி-பெல்ட் தன் இரு பக்கச் சரிவுகளால்தான் பிடிக்க வேண்டும். அதன் அடிப்பாகம் புல்லிப் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பல ஆண்டுகள் ஓடிய புல்லியில் பக்கச் சுவர்கள் உட்குழிந்து தேய்ந்துவிடுகின்றன. அப்போது பெல்ட் கீழே இறங்கி அடித்தரையில் உட்கார்ந்துவிடும். ஆப்பைப் போல இறுகிப் பிடிக்க வேண்டியது தட்டையான வார் போல வழுக்கத் தொடங்கும். எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பிடி திரும்பாது. ஆகவே பெல்ட்டுகளைக் கழற்றி, டார்ச் விளக்கை அடித்து ஒவ்வொரு பள்ளத்தின் அடித்தரையையும் பாருங்கள். அது கண்ணாடி போல மின்னினால் பெல்ட் அங்கே உரசுகிறது என்று பொருள். நல்ல புல்லியில் சுவர்கள் மட்டும் பளபளக்கும், தரை மங்கலாக இருக்கும். பெல்ட்டுகளை மாட்டிய நிலையில் இரண்டும் ஒரே உயரத்தில் அமர்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் சுமை முழுவதும் மற்றொன்றின் மேல் விழும்.

பெல்ட்டுகள் கழன்றிருக்கும்போதே வாட்டர் பம்ப்பையும் ஆல்டர்னேட்டரையும் கையால் சுழற்றி, கரகரப்போ ஆட்டமோ இருக்கிறதா என்று உணர்ந்துவிடுங்கள். வேக்குவம் பம்புக்கு எஞ்சின் எண்ணெய் ஒரு குழாய் வழியாகப் போய் வருகிறது. அந்த இணைப்புகள் கசிகின்றனவா என்பதும் முக்கியம். எண்ணெய் ஊறிய பெல்ட்டைக் கழுவிப் பயன்படுத்த முயல வேண்டாம். மாற்றித்தான் ஆக வேண்டும்.

சோப்பு வேண்டவே வேண்டாம். ஒலியைச் சில நாள் மறைத்துவிட்டுப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் புழுதி புல்லியை மேலும் தேய்க்கும். மிதமிஞ்சி இறுக்குவது அதைவிடக் கெடுதல். வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் அதன் விலையைக் கொடுக்கும்.

பதில் — பெகு வாசகர்

பட்டறைக்காரர் ஐயா சொன்னவற்றோடு ஒரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன். மின்சாரம் இல்லாத இரவுகளில் இந்த வண்டியின் பேட்டரியிலிருந்து வீட்டு விளக்குகளை எரிக்கிறீர்களா? எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. இரவெல்லாம் வடிந்த பேட்டரி, காலையில் குளோ பிளக்குக்கும் (குளிர்ந்த டீசல் எஞ்சினைக் கிளப்ப உள்ளே சூடேற்றுவது) ஸ்டார்ட்டருக்கும் கொடுத்த பிறகு மேலும் வடிந்திருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் முழு மூச்சோடு அதை நிரப்ப முயலும். குளிர்ந்த பெல்ட்டின் மீது அந்தச் சுமை ஒரே நேரத்தில் விழுகிறது. காலையில் வண்டியைக் கிளப்புமுன் மீட்டரை வைத்துப் பாருங்கள். நன்றாக நிரம்பிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது.

மறுமொழி — மோல்மேன் வாசகர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெகு நண்பர் கேட்டது உண்மைதான். இரண்டு விளக்குகளும் ஒரு சிறிய மின்விசிறியும் இரவில் வண்டியின் பேட்டரியில்தான் ஓடுகின்றன. இன்று காலையில் மீட்டர் 11.9 காட்டியது. எஞ்சின் ஓடும்போது, ஒலி அடங்கிய பிறகு, 14.1 வருகிறது.

பெல்ட்டுகளையும் கழற்றிப் பார்த்தோம். எஞ்சின் நேரடியாகச் சுழற்றும் கிராங்க் புல்லியும் வாட்டர் பம்ப் புல்லியும் மங்கலாகவே இருக்கின்றன. ஆல்டர்னேட்டர் புல்லியில் மட்டும், முன்பக்கப் பள்ளத்தின் அடித்தரை மின்னுகிறது. அந்த பெல்ட் மற்றதைவிடத் தாழ்ந்தும் அமர்கிறது. அதன் உட்புறமும் பளபளவென்று இறுகியிருக்கிறது. பேரிங்குகளில் கரகரப்பு இல்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. பேட்டரிப் பழக்கத்தை நிறுத்தினால் மட்டும் போதுமா, புல்லியையும் மாற்ற வேண்டுமா? ஏசி பெல்ட்டையும் இத்தோடு மாற்றிவிடலாமா?

பதில் — ரங்கூன் பட்டறைக்காரர்

புல்லியை மாற்றியே ஆக வேண்டும். பேட்டரியின் சுமை குறைந்தால் காலைச் சத்தம் குறையும். ஆனால் அடித்தரையில் உட்கார்ந்த பெல்ட், மழையில் நனைந்த முதல் நாளே மீண்டும் நழுவும். 14.1 வோல்ட் வருவதால் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதை விற்றுவிட்டு வேறு வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின்களைப் பிரித்து விற்கும் கடைகளில் இந்தப் புல்லி தனியாகக் கிடைக்கும். வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் சென்று, தண்டின் துளை, விட்டம், இரு பள்ளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். தேடிப் போய் அதே அளவு தேய்ந்த ஒன்றை வாங்கி வருவோர் பலர் என்பதால், அடித்தரையை அங்கேயே விளக்கடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

பெல்ட்டுகளை ஒரே தயாரிப்பில், ஒரே நீளத்தில், இணையாகவே வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது தொய்ந்துவிடும், புதியது தனியே இழுக்கும். புல்லிகளை பிரேக் கிளீனரால் துடைத்து உலரவிட்டபின் மாட்டுங்கள். மிக நீண்ட பகுதியின் நடுவில் சுமார் 10 கிலோ விசையோடு கட்டைவிரலால் அழுத்தினால், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். புது பெல்ட்டுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, மீண்டும் அளந்து இறுக்குங்கள். தாட்டோனுக்குச் சில முறை போய் வந்த பிறகும் ஒருமுறை பாருங்கள், ஏனெனில் புது பெல்ட் பள்ளத்தில் பதிந்து சற்றுத் தொய்வது இயல்பு.

வீட்டு விளக்குகளுக்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டருக்காகச் செய்யப்பட்ட பேட்டரி இப்படி அடிக்கடி அடிவரை வடிந்தால் சீக்கிரமே செத்துவிடும்.

ஏசி பெல்ட் தனியாக ஓடுவது. அது கத்தவில்லை, வெடிப்பும் இல்லையென்றால் இப்போது அதைத் தொட வேண்டியதில்லை.