செட் வேலை பழகிய நாட்களில் மனசில் நின்றுபோன ஒரு தருணம் (பலரின் அனுபவப் பகிர்வு)

சாலிகிராமம் மோல்டிங்:
2004. கோயில் தூண் செட். அச்சு ரெடி, தேங்காய் நார் பிய்த்து வைத்தாயிற்று. பேசனில் பிளாஸ்டர் கலக்குவது என் வேலை. முதல் கலவை அச்சுக்குப் போகும் முன்பே பேசனிலேயே இறுகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. "அண்ணே, எத்தனை டம்ளர் தண்ணிக்கு எத்தனை கிலோ?" என்று மாஸ்டரிடம் கேட்டேன். பதில் இல்லை.

மூன்றாவது தடவை பக்கத்தில் வந்து குந்தினார். தண்ணீர் மேல் கைப்பிடி கைப்பிடியாக, கோலப்பொடி மாதிரி தூவினார். பொடி விழ விழ உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் இறங்குவது நின்று, தண்ணீர் மேல் காய்ந்த திட்டுகளாக நின்றது. "தீவு தெரியுதா? அத்தோட கையை எடு." தீவு தானாக நனையும்வரை காத்திருந்தார். அப்புறம் கையை அடியில் விட்டு, குமிழி வராமல் மெல்லக் கலக்கினார். கடைசியில் பேசன் விளிம்பைக் காட்டினார். நேற்றைய பிளாஸ்டர் அங்கே பொருக்காக ஒட்டியிருந்தது. "இது நகம் அளவு இருந்தாலும் போதும்டா, புதுசையும் கூட்டிக்கிட்டு இறுகிடும்."

அந்த செட் முடிந்ததும் அவர் ஹைதராபாத் பக்கம் போய்விட்டார். இப்போது என்னிடம் பழக வரும் பையன்கள் அளவு கேட்கிறார்கள். நானும் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தத் தீவுதான் கண்ணில் வருகிறது.

எழும்பூர் நுண்கலை:
நான் எழும்பூர் கவின்கலைக் கல்லூரி, சிற்பம் படித்தவள். 1850-ல் தொடங்கிய இடம். கல், களிமண், வெண்கலம் எல்லாம் கற்றுத் தந்தார்கள். தெர்மகோல் மட்டும் யாரும் சொல்லவில்லை. முதல் படத்தில் கொடுத்ததே அதுதான். அரண்மனை வாசலுக்கு ஆறடி சிங்கம். நான்கு நாள் இழைத்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலை ஷூட்டிங். நேரம் இல்லை என்று கடையில் வாங்கிய ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவை நேராக அதன் முகத்தில் அடித்தேன்.

சின்னதாக ஒரு சத்தம் வந்தது, அப்பளம் பொரிகிற மாதிரி. மூக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கையால் மூடினேன், விரலோடு சேர்ந்து குழைந்தது.

பெயிண்டர் அண்ணன் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குழிக்குள் ஃபெவிகாலில் மணலைக் குழைத்து அப்பினார். சுற்றிலும் விரிசல் கீறினார். கருப்பையும் காவியையும் தண்ணீராகக் கரைத்து மேலிருந்து ஒழுகவிட்டு, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தார். ஒரு மணி நேரத்தில் அது முன்னூறு வருஷம் மழையில் நனைந்த சிங்கமாகிவிட்டது. ஆர்ட் டைரக்டர் வந்து, "அந்த உடைஞ்ச மூக்கு யாரோட ஐடியா? ரொம்ப நல்லாயிருக்கு" என்றார். அண்ணன் என் பக்கம் கை காட்டினார். நான் தலையாட்டிவிட்டேன்.

பதினைந்து வருஷம் ஆகிறது. அவரிடம் நன்றியும் சொல்லவில்லை, ஆர்ட் டைரக்டரிடம் உண்மையும் சொல்லவில்லை.

ஃபைபர் வேலை:
முதல் பதிவு போட்டவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டு கலவையை வீணாகவிட்டதை நீங்கள் பெரிய பாடம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நம் வேலையில் பாதிக் காயம் இப்படிச் சொல்லாமல் விட்டதால் வருவதுதான்.

என் கதை சின்னது. ஹீரோ கை மாதிரி ஒரு டம்மி கை வேண்டும் என்றார்கள். என் கையையே வாளியில் பிளாஸ்டருக்குள் விடச் சொன்னார்கள், விட்டேன். சூடு ஏறியது. வெளியே இழுத்தால் வரவில்லை. பக்கத்தில் இருந்த தச்சர் வாளியையே உளியால் பிளந்து எடுத்தார். மணிக்கட்டில் இன்னும் தடம் இருக்கிறது.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், பெரிய கட்டியாக இருந்தால் 60 டிகிரியைத் தாண்டும். 2007-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி வகுப்பில் இப்படிக் கையை வைத்துப் பெரும்பாலான விரல்களை இழந்தார். கை, முகம் அச்சு எடுக்க ஆல்ஜினேட் இருக்கிறது, பல் டாக்டர்கள் பயன்படுத்துவது. அது சூடாகாது, ரப்பர் மாதிரி உரியும். காசு கூட ஆகும், ஆகட்டும்.

ஃபைபருக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ரெசினில், அதாவது ஃபைபருக்கு ஊற்றும் பிசினில், முதலில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். அது முழுக்கக் கலந்த பிறகுதான் ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்), அதுவும் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்குதான். கோபால்டும் ஹார்ட்னரும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். துணி மாஸ்க் தூசிக்கே சரியாகப் போதாது, ரெசின் வாசனையை நிறுத்தவே நிறுத்தாது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்குங்கள். தெர்மகோல் மேல் நேராக ரெசின் பூசினாலும் அந்தச் சிங்கத்துக்கு நடந்ததுதான் நடக்கும். முதலில் ஃபெவிகால் அல்லது எமல்ஷன் இரண்டு கோட் கொடுத்து, காயவிட்டு, பிறகு தொடுங்கள். இதையெல்லாம் சேர்ந்த முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாத மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்கு மாஸ்டர் இல்லை.

சபா மேடை:
எல்லாரும் சினிமா செட்டே பேசுகிறீர்கள். கேமரா பார்க்கிற பக்கம் மட்டும் நின்றால் அங்கே போதும். மேடையில் அதே கதவை நாற்பது நாடகத்துக்கு நாற்பது தடவை அறைந்து சாத்துவார்கள். ஆர்.எஸ். மனோகர் நாடகங்களின் தந்திரக் காட்சிகளை இன்றைக்கும் பேசுகிறோமே, அதெல்லாம் ஊர் ஊராக லாரியில் ஏறி இறங்கி மறுபடி நின்ற செட்டுகள்.

எனக்கு அப்போது இருபது வயது. சுவர்த் தட்டிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து மணல் மூட்டை வைப்பது என் பொறுப்பு. ஒரு மூட்டை குறைந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டாம் காட்சியில் மகன் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினான், நிலையோடு சுவரே முன்பக்கம் சாய்ந்தது. அப்பா வேஷம் போட்ட பெரியவர் வசனத்தை நிறுத்தவே இல்லை. மெல்ல நடந்து போய், துக்கம் தாங்காதவர் மாதிரி முதுகைக் கொடுத்துச் சுவரோடு சாய்ந்தார். மீதிக் காட்சி முழுவதும் அப்படியே. படுதாவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர் கெண்டைக்கால் நடுங்குவது தெரிந்தது. சபையில் யாரோ அழுதார்கள்.

செய்யாறு பக்கம்:
எங்கள் தாத்தா கூத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் செய்வார். கல்யாண முருங்கை மரம்தான், எடையே இருக்காது. ராத்திரி முழுக்கத் தலையில் கட்டி ஆட வேண்டுமே. எட்டு வயதில் கண்ணாடித் துண்டு ஒட்டும் வேலை எனக்கு. வரிசை பிசகாமல், மட்டமாக ஒட்டிக் காட்டினேன். தாத்தா விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு அரிக்கேன் விளக்கைத் திண்ணையில் வைத்து, கிரீடத்தை என் தலையில் கட்டி ஆடச் சொன்னார். என் வரிசை ஒரே ஒரு தடவை மின்னி அணைந்தது. அவர் ஒட்டிய வரிசை நான் தலையைத் திருப்பத் திருப்ப ஒவ்வொன்றாக மின்னியது என்று பாட்டி சொன்னாள். அவருடையது ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் கொஞ்சம் சாய்த்து ஒட்டியது.

நான் இப்போது பெங்களூரில் கணக்கர் வேலை. அந்தக் கிரீடம் யாரிடம் போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

சாலிகிராமம் மோல்டிங்:
ஃபைபர் வேலை அண்ணனுக்கு. நீங்கள் சொன்னதைப் பையன்களுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். கோபால்ட் டப்பாவை இன்றைக்கே வேறு அலமாரிக்கு மாற்றியாயிற்று. பிளாஸ்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. அளவு சொல்லியிருந்தால் நான் தண்ணீரைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஆனால் நீங்கள் மாஸ்க் பற்றிச் சொன்னதும் கையுறை பற்றி யோசித்தேன். என் மாஸ்டருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். சாப்பிட உட்காரும்போது சாம்பாரில் கை படாமல் கரண்டியால்தான் சாப்பிடுவார். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.