மேசைக்கு அடியில் நான் தெரிகிறேன்: பேசும் தலை செய்த அனுபவம்

மேடை மேஜிக்குக்குச் சொந்தமாகச் சாமான் செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். சீட்டு, கயிறு, பூங்கொத்து பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டதால் நான் ஒரு பெரிய சாமானைப் பற்றிச் சொல்கிறேன். பேசும் தலை. மேசைமேல் ஒரு பெட்டி, பெட்டியைத் திறந்தால் தலை மட்டும். மேசைக்கு அடியில் ஆளும் இல்லை, உடம்பும் இல்லை, பின்னால் தொங்கும் திரைதான் தெரிகிறது. தலை கண்ணைத் திறக்கும், பேரைக் கேட்டால் சொல்லும், பாட்டுப் பாடும்.

சின்ன வயதில் பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கி இதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். பாம்பு உடம்போடு ஒரு பெண் தலை பேசும் கூடாரம் பல ஊர்ப் பொருட்காட்சிகளில் வந்து போனது, பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பெரியவனான பிறகுதான் இதன் பூர்வீகம் தெரிந்தது. 1865 அக்டோபர் 16 அன்று லண்டன் எகிப்தியன் ஹால் அரங்கில் கர்னல் ஸ்டோடேர் என்ற மேஜிக்காரர் 'ஸ்பிங்ஸ்' என்ற பெயரில் இதை முதலில் காட்டினார். உத்தி தாமஸ் டோபின் என்பவருடையது. கடைசியில் பெட்டியை மூடித் திறந்தால் தலை இருந்த இடத்தில் ஒரு பிடி சாம்பல். ஸ்டோடேர் அடுத்த ஆண்டே இறந்துபோனார், மேசை மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரகசியம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. அதனால் தொழில் ரகசியத்தை உடைக்கிறேன் என்று மூத்தவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

முகம் பார்க்கும் கண்ணாடி இரண்டு, அவ்வளவுதான் விஷயம். மேசைக்கு மூன்று கால். ஒன்று முன்னால் நடுவில், மற்ற இரண்டும் பின்னால் இரண்டு ஓரத்திலும். முன்காலிலிருந்து ஒவ்வொரு பின்காலுக்கும் ஒரு கண்ணாடி. ஒவ்வொன்றும் பார்வையாளருக்கு 45 டிகிரி சாய்வில் நிற்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு மேசையின் அடிவழியே பின்திரை தெரிவதுபோல் இருக்கும். உண்மையில் தெரிவது பக்கத்துத் திரை. உள்ளே இருப்பவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பலகையில் இருக்கும் ஓட்டை வழியாகத் தலையை நீட்டியிருப்பார்.

நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர். ஊர் திண்டுக்கல் பக்கம். செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று வீட்டில் ஒப்பந்தம். மேசை 4 அடி அகலம், 2 அடி ஆழம். இந்தக் கணக்குக்குக் கண்ணாடி 34 அங்குல நீளம் வரும், உயரம் 28 அங்குலம். அகலம் ஆழத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால்தான் சாய்வு சரியாக 45 டிகிரி வரும். முதலில் அக்ரிலிக் கண்ணாடிதான் வாங்கினேன். கனம் குறைவு, உடையாது என்று ஆசைப்பட்டேன். 2 மில்லிமீட்டர் தகடு நிமிர்ந்து நிற்கவில்லை. அதில் தெரிந்த திரை கோயில் குளத்தில் தெரிகிற மாதிரி நெளிந்தது. ஒரு தடவை அந்த நெளிவைப் பார்த்துவிட்டால் அங்கே கண்ணாடி இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். பிறகு 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்கே போனேன். ஒன்று 6 கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். முன்காலில் இரண்டு கண்ணாடியும் சேரும் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துத் தரச் சொன்னேன், இல்லாவிட்டால் காலின் இரண்டு பக்கமும் பச்சைக்கோடு எட்டிப் பார்க்கும். கால் ஒன்றரை அங்குல ரீப்பர் கட்டை. அந்தக் கட்டை மறைக்கிற அளவுக்குள் கண்ணாடி மூட்டு அடங்க வேண்டும்.

மிச்சம் பிடித்ததெல்லாம் மரத்தில்தான். பலகை, வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய பிளைவுட். கீல், போல்ட், விங் நட் எல்லாம் காயலாங்கடை. பெட்டி பழைய மர அலமாரியின் கதவு. மேடையில் பத்தடி தள்ளி நிற்கும் மரம் தேக்கா, மாமரமா என்று யாரும் தட்டிப் பார்க்கப் போவதில்லை. காசைக் கண்ணாடியிலும் துணியிலும் போடுங்கள், மற்றதில் தாராளமாகக் கஞ்சத்தனம் செய்யலாம்.

துணி என்று சொன்னதும் அந்த நாள் ஞாபகம் வருகிறது. காடாத் துணி இருபது மீட்டர் வாங்கி, வீட்டில் வாளியில் நீலச் சாயம் போட்டேன். வாளி சின்னது என்பதால் இரண்டு தடவையாக முக்கினேன். காயவைத்து மடிக்கும்போது எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரிந்தது. மொட்டைமாடியில் கம்பு நட்டு மூன்று பக்கமும் இழுத்துக் கட்டி, மேசையை நடுவில் வைத்து, எதிரில் போய் நின்றேன். மேசைக்கு மேலே ஒரு நீலம், கீழே ஒரு நீலம்! பின்திரை முதல் வாளியில் நனைந்தது, பக்கத்திரை இரண்டாவது வாளி. தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத வித்தியாசம், மேசை விளிம்பில் ஒன்றுக்குமேல் ஒன்றாக வந்ததும் கோடு போட்டதுபோல் பிரிந்து நின்றது. மேசைக்கு அடியில் கருநீலச் செவ்வகம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

அவ்வளவு துணியையும் எடுத்துக்கொண்டு சின்னாளப்பட்டிக்குப் போனேன். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பெரியவர் ஒருவர் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஒரே தொட்டி, ஒரே முக்கு. அப்பதான் தம்பி ஒரே நிறம்" என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் போட்டுத் தந்த நீலத்தில்தான் இன்றுவரை காட்டுகிறேன். தரைக்கும் அதே துணிதான். முதலில் கோரைப்பாய் விரித்தேன், பாயின் கோடுகள் கண்ணாடிக்குள் திசை மாறி ஓடிக் காட்டிக்கொடுத்தன.

இதற்கு முன்பே கருப்பு நிறத்தோடு ஒரு பாடம் படித்திருந்தேன். சதுரக் குழாய், வட்டக் குழாய் என்று வெறுங்குழாயிலிருந்து கைக்குட்டைகளை எடுக்கும் சாமான் ஒன்று உண்டு. உள்ளே ஒளித்து வைத்திருப்பது கண்ணில் படாமல் இருக்கத்தான் அதன் உட்புறம் கருப்பு. மலிவாக இருக்கிறதே என்று கரும்பலகைப் பெயின்ட் அடித்தேன். வீட்டு டியூப்லைட்டில் அருமையாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் விளக்கைத் திருப்பியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் மின்னியது. அதற்குப் பிறகு நகைப்பெட்டி செய்பவரிடம் வெட்டி மிஞ்சிய வெல்வெட் துண்டுகளை வாங்கி ஒட்டினேன். பெயின்ட் எவ்வளவு கருப்பாக இருந்தாலும் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், வெல்வெட் விழுங்கிக்கொள்ளும்.

சரி, மேசைக்கு வருகிறேன். உள்ளே உட்கார்ந்தது என் அக்கா மகள், அப்போது பத்தாம் வகுப்பு. அவளை உட்காரவைப்பதற்கு முன் நான் 25 நிமிடம் உள்ளே இருந்து பார்த்தேன். இதை மட்டும் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். பத்தாவது நிமிடத்தில் கால் மரத்தது, ஓட்டையின் விளிம்பு தொண்டையில் அறுத்தது, முழங்கால் கண்ணாடியை உரசியது. முக்காலியை இரண்டு அங்குலம் தாழ்த்தினேன். விளிம்பில் பஞ்சு வைத்துத் துணி சுற்றினேன். கண்ணாடியின் பின்புறம் முழுக்க மெல்லிய பிளைவுட் ஒட்டினேன், உடைந்தாலும் சில் அவள்மேல் விழாது. பின்பக்கம் திறந்தே இருக்கும், எந்த நிமிடமும் அவள் எழுந்து வெளியே வரலாம். பலகையை இரண்டு தட்டு தட்டினால் காட்சியை அங்கேயே முடித்துவிட வேண்டும், காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஆளை இரண்டாக அறுக்கும் பெட்டியை முதல் சாமானாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். உள்ளே ஆள் இருக்கும் எதையும் அந்த ஆளின் முழங்காலிலிருந்து அளக்க ஆரம்பியுங்கள்.

முதல் காட்சி பக்கத்து ஊர்ப் பள்ளி ஆண்டு விழா. குட்டியானை வண்டியில் கண்ணாடிகளைப் போர்வைக்குள் சுற்றி, நடுவில் நான் உட்கார்ந்து பிடித்துக்கொண்டே போனேன். மேடை ஏறி, முன்காலிலிருந்து பின்திரைக்கு ஐந்தடி, இரண்டு பக்கத்திரைக்கும் ஐந்தடி என்று நூல் பிடித்து வைத்தேன். கண்ணாடியில் விரல் ரேகை இல்லாமல் துடைத்தேன். நடுவில் நின்று பார்த்தால் அப்பழுக்கில்லை. திரை விலகியது, பெட்டியைத் திறந்தேன், கூட்டம் மூச்சைப் பிடித்தது.

முன்வரிசை ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். "சார், மேசைக்கு அடியில நான் உட்கார்ந்திருந்தேன் சார்! இப்ப நிக்கிறேன்!"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தலைதான் காப்பாற்றியது. அக்கா மகள் கண்ணை அந்தப் பக்கம் திருப்பி, "ஆமா தம்பி, எனக்கு உடம்பில்லை. அதான் உன்னைத் துணைக்குக் கூப்பிட்டு வெச்சிருக்கேன்" என்றாள். கூட்டம் கைதட்டியது. நான் பெட்டியை மூடிச் சாம்பலைக் காட்டி முடித்தேன். சாம்பல், அடுப்புச் சாம்பல்தான். திருநீற்றை இதற்குப் பயன்படுத்த எனக்கு மனம் வராது.

அன்று இரவு தூக்கம் இல்லை. பொருட்களை எல்லாம் சோதித்தேன், மேடையை அளந்தேன், ஆனால் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நோட்டில் கோடு போட்டுப் பார்த்ததும் புரிந்தது. நேர் எதிரில் இருப்பவருக்குக் கண்ணாடி பக்கத்திரையைக் காட்டும். ஓரமாகப் போகப் போக அது காட்டும் இடம் திரையில் முன்பக்கமாக நகர்ந்துகொண்டே வரும். சரியாக 45 டிகிரி ஓரத்தில் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு நேர் எதிரில் உட்கார்ந்ததாக ஆகிவிடும், தன்னையே பார்ப்பார். பையன் இருந்தது அந்த இடம். என் பக்கத்திரை முன்காலைத் தாண்டி ஓரடிகூட வரவில்லை.

திருத்தம் சுலபம்தான். பக்கத்திரையை முன்காலிலிருந்து மூன்றடி முன்னால் நீட்டினேன். மேசையின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 30 டிகிரிக்கு வெளியே யாரையும் உட்காரவைப்பதில்லை என்று முடிவு செய்தேன். இப்போதெல்லாம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் சாமான் இறக்குவதற்கு முன் நூலும் சுண்ணாம்புக்கட்டியும் எடுத்து உட்காரும் எல்லையைத்தான் முதலில் போடுகிறேன். கேட்ட அகலம் கிடைக்காத இடத்தில் பேசும் தலை கிடையாது, வேறு அயிட்டம்.

அந்தப் பையனைத் தேடி அடுத்த வாரமே அந்தப் பள்ளிக்குப் போனேன். பாதி ரகசியத்தை அவனே கண்டுபிடித்துவிட்டான், மீதியை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு தீப்பெட்டியும் இரண்டு துண்டுக் கண்ணாடியும் கொடுத்து மாதிரி செய்து காட்டினேன், யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அவர்கள் ஊர்த் திருவிழாவில் எனக்கு நிகழ்ச்சி. அப்பாவோடு மாலையிலேயே வந்துவிட்டான். திரை கட்டி முடித்ததும் காலி மைதானத்தில் ஒவ்வொரு மூலையாக ஓடி ஓடி உட்கார்ந்தான், நின்றான், குப்புறப் படுத்தும் பார்த்தான். கடைசியாகச் சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேடையைப் பார்த்துக் கத்தினான்.

"இப்ப நான் தெரியல சார்!"