உப்புக்காற்றில் நிற்கும் பீரங்கிகள்: வண்ணம் பூசினால் போதுமா?

நெய்தல்வாசி:
எங்கள் கடற்கரைப் பூங்காவில் ஆங்கிலேயர் காலத்து வார்ப்பிரும்புப் பீரங்கிகள் இரண்டு, சிமென்ட் மேடையில் பாதி புதைந்து கிடக்கின்றன. குடியரசு நாளுக்கு முன் ஆண்டுதோறும் கறுப்பு எனாமல் பூசுகிறார்கள். அடுத்த மழைக்காலத்திலேயே அது கொப்புளித்து, செம்பழுப்பு நீர் கசிந்து, துரு ஏடு ஏடாகப் பெயர்கிறது. ஊரார் சேர்ந்து செலவிட ஆயத்தமாக இருக்கிறோம். மணல் வீச்சால் துருவை நீக்கிவிட்டுத் தரமான வண்ணம் பூசினால் நிலைக்குமா? ஒன்றில் பூச்சு உரிந்த இடத்தில் 47-2-11 என்ற எண்களும் தெரிகின்றன.

பழம்பொருள் பேணுநர்:
வணக்கம் ஐயா. மணல் வீச்சை அருள்கூர்ந்து கைவிடுங்கள். வார்ப்பிரும்பில் உள்ள கார்பன், கிராஃபைட் இழைகளாகப் பரவியிருக்கும். உப்புநீர் பட்டுப் பட்டு இரும்பு கரைந்துபோனாலும், துருவும் கிராஃபைட்டும் சேர்ந்த கூடு வடிவம் குலையாமல் நிற்கும். பேனாக்கத்தியால் கீறக்கூடிய அந்த மென்மையான கூட்டில்தான் அரச முத்திரையும் எண்களும் இருக்கின்றன. மணல் அதைத்தான் முதலில் அரிக்கும்.

பூச்சு உரிவதற்கு முதற்காரணம், அடியில் தங்கிய உப்பு. கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிகளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மூழ்கவைத்து, மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, மாதக்கணக்கில் உப்பை வெளியேற்றுவார்கள். கரையிலேயே இருந்தவற்றுக்கு, தளர்ந்த துருவைத் தூரிகையால் மெல்ல அகற்றி, நன்னீரால் பலமுறை கழுவி, முற்றிலும் உலர்த்தி, டானிக் அமிலம் தடவலாம். எஞ்சிய துரு கருநீலமாக மாறும். அதன்மேல் எபாக்சி பிரைமரும் மேற்பூச்சும் இட்டு, இறுதியில் மெழுகு பூசி, அந்த மெழுகை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தால் நெடுநாள் தாங்கும். இவற்றை ஒரு பேணுநரின் மேற்பார்வையில் செய்வதே நல்லது.

கோட்டை நடையர்:
யாரும் கைவைப்பதற்கு முன், குழலுக்குள் பழைய வெடிமருந்தும் குண்டும் தங்கியிருக்கிறதா என்று உரியவர்களைக் கொண்டு பார்த்துவிடுங்கள். எத்தனையோ பீரங்கிகள் மருந்து கிட்டித்தபடியே கைவிடப்பட்டிருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவையா என்பதையும் கேட்டறியுங்கள்; அப்படியானால் எழுத்துமூல அனுமதி தேவை.

சிமென்ட் புதைவுதான் எனக்குப் பெருங்கவலை. இரும்பும் சிமென்டும் சேரும் விளிம்பில் நீர் நின்று அங்கேயே அரிக்கும். பீரங்கியை வெளியே எடுத்து, தரையில் படாமல் தாங்கிகளில் ஏற்றி, வாய்ப்பக்கத்தைச் சற்றே தாழ்த்தி வையுங்கள். உள்ளே புகுந்த மழைநீர் தானாக வடியும். வாயை மூடினால் மூடியின் அடியில் ஒரு துளை விடுங்கள். மேலே உள்ள தீத்துளையை மட்டும் அடைத்துவிடலாம்.

சோழமண்டலத்தான்:
மேலே சொன்னது வார்ப்பிரும்புக்கே உரியது. தஞ்சை பீரங்கி மேட்டில் உள்ளது வார்க்கப்பட்டதன்று. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, வளையங்களைச் சூடேற்றி இறுக்கிச் செய்தது. அத்தகையவற்றில் வளையங்களின் இடுக்கில்தான் ஈரம் தங்கும். பீஜப்பூரின் மாலிக்-இ-மைதான் போன்ற வெண்கலப் பீரங்கிக்கோ டானிக் அமிலத்தால் பயனில்லை. மென்மையாகக் கழுவி மெழுகிடுவதே முறை.

நெய்தல்வாசி:
மிக்க நன்றி. மணல் வீச்சு வேண்டாம் என்று நாளையே கூட்டத்தில் சொல்கிறேன். தூக்குவதற்குக் கிரேன் கேட்டால் எடை எவ்வளவு என்கிறார்கள்.

கோட்டை நடையர்:
உங்கள் எண்களிலேயே இருக்கிறது. ஆங்கிலேயப் பீரங்கிகளில் முதல் எண் 112 பவுண்டுகளின் மடங்கு, அடுத்தது 28 பவுண்டுகளின் மடங்கு, கடைசி எண் தனிப் பவுண்டுகள். 47-2-11 என்றால் 5,331 பவுண்டு, ஏறத்தாழ 2,420 கிலோ. ஒட்டியிருக்கும் சிமென்டின் எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சங்கிலி வேண்டாம், அகன்ற நைலான் பட்டைகளால் தூக்கச் சொல்லுங்கள்.