பாய வெற்றிடநிலைகளை வகைப்படுத்தும்போது எதை எதற்குச் சமமெனக் கொள்வது?

வினா: உருத்திரபுரத்து ஆசிரியர், கிளிநொச்சி

வணக்கம். நான் உயர்தர மாணவர்க்கு இணைந்த கணிதம் கற்பிப்பவன். பல்கலைக்கழகக் கல்வியை முடித்து ஊர் திரும்பிய பழைய மாணவர் சிலரும் நானும் இழைக்கொள்கையின் பாய வெற்றிடநிலைகளைப் பற்றிச் சேர்ந்து வாசித்து வருகிறோம். வெற்றிடநிலை என்பது கொள்கை அமைதி கொள்ளும் நிலை; பாயம் என்பது உள்வெளியின் ஊடாகச் செல்லும், காந்தப்புலம் போன்ற புலத்தின் அளவு. பத்துப் பரிமாணங்களில் சிலவற்றை மிகச் சிறிய மூடிய வெளியாகச் சுருட்டி, அவ்வெளிக்குள் நிறைவெண் அளவுகளில் பாயங்களை இட்டால், அதன் வடிவமும் கனவளவும் அலையாமல் ஓரிடத்தில் நிலைகொள்ளும் என்பது வரை தெளிவாகிவிட்டது. நான்கு பரிமாணங்களில் இத்தகைய நிலைகள் 10இன் 500ஆம் அடுக்கு அளவில் இருக்கலாம் என்ற மதிப்பீட்டைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

எங்களுக்கு விருப்பம் அதற்கும் கீழே, மூன்று பரிமாணங்களில்தான். இரண்டாம் ஏ வகை இழைக்கொள்கையை ஏழு பரிமாண ஜி2 ஓரியன்டிபோல்ட் வெளியில் (ஜி2 என்ற சிறப்புச் சமச்சீரமைப்புள்ள வெளியைப் பிரதிபலிப்பால் மடித்தது) சுருட்டினால், மிகக் குறைந்த மீச்சமச்சீர் (போசோன்களையும் பெர்மியோன்களையும் இணைக்கும் சமச்சீர்) உடைய முப்பரிமாணக் கொள்கை கிடைக்கிறது. இதன் வெற்றிடநிலைகளை ஒரு கணினி நிரலைக் கொண்டு பட்டியலிட முனைந்தபோது இரண்டு ஐயங்கள் எழுந்தன. பட்டியல் முடிவுள்ளதாக இருக்குமா? இரண்டு பாயத் தெரிவுகள் ஒரே வெற்றிடநிலையையே குறிக்கின்றன என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? சக்தியின் பெறுமானம் ஒன்றாக இருந்தால் போதும் என்கிறார் எங்களில் ஒருவர். எனக்கு அதில் உடன்பாடு வரவில்லை, ஆனால் மறுக்கும் எடுத்துக்காட்டு ஒன்றும் கைவசமில்லை.

மறுமொழி 1: ஓமந்தை, வவுனியா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது தீராமல் முதலாவதற்கு விடை சொல்ல முடியாது. நீங்கள் கேட்ட எடுத்துக்காட்டைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். அது நான்கு பரிமாணத்துக்குரியது. 2004இல் டெனெஃப்பும் டக்ளசும் பாய வெற்றிடநிலைகளின் பரம்பலைப் பற்றி எழுதிய கட்டுரையில் கையாண்டது.

வடிவம் மாறவே முடியாத விறைத்த கலாபி–யாவ் வெளி (மீச்சமச்சீரைக் காக்கும் ஒரு வகை உள்வெளி) ஒன்றைக் கொள்ளுங்கள். பாயங்களால் நிலைநிறுத்த வேண்டிய மாறி ஒன்றே ஒன்றுதான்: இழையின் இணைப்பு வலிமையைக் குறிக்கும் ஒரு சிக்கலெண். அதைத் தௌ என்போம். சுப்பர்பொட்டன்ஷியல், அதாவது நிலைச்சக்தியைத் தீர்மானிக்கும் சார்பு, க·தௌ + ச என்ற வடிவில் வரும். கற்பனை அலகை ஐ என்று எழுதினால், க, ச இரண்டும் மெய்ப்பகுதியும் கற்பனைப்பகுதியும் நிறைவெண்களாகிய சிக்கலெண்கள். வெற்றிடநிலையில் தௌவின் உடன்புணரி −ச/க ஆகும். இந்த நான்கு நிறைவெண்களையும் ஒரு 2×2 தாயமாக அடுக்கினால், அதன் துணிகோவைதான் பாயங்கள் சுமக்கும் மொத்த ஏற்றம். அந்த ஏற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. வானும் துருசும் இல்லாத குளத்துக்குள் வந்த நீர் வெளியேற வழியில்லாதது போல, மூடிய உள்வெளியில் புலக்கோடுகள் தப்பிச் செல்ல இடமில்லை; ஆகவே பாயங்களின் ஏற்றமும் ஓரியன்டிபோல்ட் தளங்களின் எதிர் ஏற்றமும் உள்ளேயே ஈடாகியாக வேண்டும்.

இப்போது ஏற்றம் 2 என்று வைப்போம். துணிகோவை 1 உடைய நிறைவெண் தாயங்களின் கூட்டம் கொள்கையின் இருமைச் சமச்சீர் (ஒரே பௌதிகத்தை எழுதும் வெவ்வேறு முறைகளை இணைப்பது) என்பதால், அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும் பாயங்களைச் சமமெனக் கொள்ளலாம். எஞ்சும் வகுப்புகளின் எண்ணிக்கை ஏற்றத்தின் காரணிகளின் கூட்டுத்தொகை; இங்கே 1 + 2 = 3. அவை க = 1, ச = 2ஐ; க = 2, ச = ஐ; க = 2, ச = 1 + ஐ என்பன. தௌவைக் கணித்தால் முறையே 2ஐ, ஐ/2, (−1 + ஐ)/2 கிடைக்கும். ஆனால் அதே இருமைச் சமச்சீரால் ஐ/2 என்பது 2ஐ ஆகவும், மூன்றாவது ஐ ஆகவும் மாறிவிடும். ஆகவே மூன்று பாய வகுப்புகள் இரண்டு இடங்களிலேயே அமர்கின்றன. முதல் இரண்டும் உண்மையில் ஒன்றா என்பது வேறொன்றைப் பொறுத்தது: பாயங்கள் அனைத்தையும் ஐயால் பெருக்குவது உள்வெளியின் வடிவக்கணிதச் சமச்சீராக இருந்தால் அவை ஒன்று, இல்லையேல் இரண்டு.

சக்தியைப் பற்றிய பேச்சு இங்கேதான் உடைகிறது. இந்நிலைகளின் சக்தியைத் தீர்மானிக்கும் எண்ணைப் பார்ப்போம்: சுப்பர்பொட்டன்ஷியலின் மட்டின் வர்க்கத்தைத் தௌவின் கற்பனைப்பகுதியின் இருமடங்கால் வகுத்தால், மூன்று நிலைகளுக்கும் 4 தான் வருகிறது. பொதுவாகவே அது ஏற்றத்தின் இருமடங்கு. தௌவின் பெறுமானமே வேறாக உள்ள நிலைகளையும் இந்த எண் பிரித்துக் காட்டாது. உங்கள் நண்பரின் அளவுகோலை நிரலில் வைத்தால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

மறுமொழி 2: உருத்திரபுரத்து ஆசிரியர்

மிக்க நன்றி தம்பி. ஏற்றம் 6 எனக் கொண்டு நாங்களும் 12 வகுப்புகளைக் கண்டோம். ஆனால் மூன்று பரிமாணங்களில் சுப்பர்பொட்டன்ஷியல் சிக்கலெண் சார்பு அல்லவே. அங்கும் இதே வழி செல்லுமா?

மறுமொழி 3: வற்றாப்பளை, முல்லைத்தீவு

நீங்கள் பிடித்திருப்பதுதான் முக்கியமான வேறுபாடு, சேர். மூன்று பரிமாணங்களுக்குள் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எம்-கொள்கையை (இழைக்கொள்கைகளோடு இணைந்த பதினொரு பரிமாணக் கொள்கை) எட்டுப் பரிமாணக் கலாபி–யாவ் வெளியில் சுருட்டுவது ஒரு வகை. கத்ரின் பெக்கரும் மெலனி பெக்கரும் 1996இல் ஆராய்ந்தது இது. இங்கே சிக்கலெண் அமைப்பு இன்னும் கைவிடவில்லை, ஏற்ற எல்லை ஆய்லர் எண்ணின் 24இல் ஒரு பங்கு. ஐந்து பரிமாணச் சிக்கல் எறிய வெளியில் ஆறாம் படிச் சமன்பாட்டால் வரும் எட்டுப் பரிமாண வெளிக்கு ஆய்லர் எண் 2610. 24ஆல் வகுத்தால் 108.75. இந்த ஏற்றத்தில் பாயங்கள் சுமக்காத பங்கைச் சவ்வுகள் சுமக்கும்; அவற்றின் எண்ணிக்கை முழு எண்ணாக இருக்க வேண்டியதால், இவ்வெளியில் பாயமே இல்லாத வெற்றிடநிலை இருக்க முடியாது, பாயமும் அரை நிறைவெண்களால் நகர்ந்தே வரவேண்டும். எனக்கு இந்த ஒரு கணக்கு எப்போதும் வியப்பைத் தருவது. இவ்வகையில் முடிவுள்ள பட்டியல் உண்டு: ஏற்றத்துக்கு எல்லை இருக்கையில் தன்-இருமைப் பாயங்களின் வெற்றிடநிலைகள் இருமைச் சமச்சீரை நீக்கியபின் முடிவுள்ளவை என்று பக்கர், கிரிம், ஷ்னெல், சிமர்மன் ஆகியோர் 2021இல் நிறுவினார்கள்.

நீங்கள் எடுத்த ஜி2 வகை அப்படியல்ல. அங்கே சுப்பர்பொட்டன்ஷியல் வெறும் மெய்ச்சார்பு. நிலைச்சக்தி என்பது அதன் பெறுதிகளின் வர்க்கத்திலிருந்து அச்சார்பின் வர்க்கத்தின் நான்கு மடங்கைக் கழிப்பதால் வருவது. சிக்கலெண் சார்புகளுக்கு உரிய பாதுகாப்பு இல்லாததால், திருத்தங்கள் எவ்வளவு சிறியவை என்பதை ஒவ்வொரு நிலைக்கும் தனியே பார்த்தாக வேண்டும்.

பட்டியலும் முடிவிலியாகும். ஏழு பரிமாண வளையத்தைக் குறிமாற்றங்களால் மடித்த வெளியை எடுத்தால், இரண்டாம் ஏ வகையில் உள்ள பாயங்களில் எச்3 என்பதற்கு ஏழு நிறைவெண்களும் எஃப்4 என்பதற்கு ஏழு நிறைவெண்களும் உண்டு. இவற்றின் உள்பெருக்கம் வழியாக மட்டுமே எஃப்4 ஏற்றக் கணக்கில் வரும். எச்3இன் ஏழும் சமமாக இருக்க, எஃப்4இல் ஆறு சமமாகவும் ஏழாவது அவற்றின் −6 மடங்காகவும் இருந்தால் உள்பெருக்கம் பூச்சியம். அதன்பின் எஃப்4ஐ விரும்பிய அளவு வளர்க்கலாம். ஃபராக்கோஸ், திரிங்கஸ், வான் ரீட் மூவரும் 2020இல் காட்டிய எதிர்-டி சிற்றர் நிலைகளின் (சக்தி எதிர்மறையான வெற்றிடநிலைகளின்) குடும்பம் இப்படிக் கட்டுப்படாத பாயத்தால்தான் எழுகிறது; பாயம் வளர வளர கனவளவு பெருகி இழையின் இணைப்பு வலிமை குறைகிறது. ஆகவே தனி நிலைகளை எண்ணாமல், ஏற்ற எல்லைக்கு உட்பட்ட எச்3, எஃப்0 (ஒரே எண்ணாலான மற்றொரு பாயம்) பாயங்களை வகுப்புகளாக்கி, ஒவ்வொரு வகுப்பின் கீழும் கட்டுப்படாத எஃப்4 திசைகளைக் குடும்பமாக எழுதுவதே சரியான பட்டியல் என்பது என் கருத்து.

மறுமொழி 4: ஓமந்தை, வவுனியா

அக்கா சொன்னதுடன் நிரலுக்கு உதவும் ஒன்றைச் சேர்க்கிறேன். எச்3இன் ஏழு நிறைவெண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, வரிசை ஒன்றானால் வகுப்பும் ஒன்று என்று எழுதத் தோன்றும். அது தவறு. ஜி2 வெளியின் அமைப்பை வரையறுக்கும் மூவடிவத்திலுள்ள ஏழு உறுப்புகள் ஃபானோ தளத்தின் (ஏழு புள்ளிகளும், ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிகள் உள்ள ஏழு கோடுகளும் கொண்ட அமைப்பு) ஏழு கோடுகளைப் போல் ஒன்றோடொன்று பிணைந்தவை. அவற்றை வரிசைமாற்றும் 5040 வழிகளில் 168 மட்டுமே வெளியின் சமச்சீர்கள். அடுத்தடுத்த மடிப்புகளில் இடநகர்த்தல்களும் சேர்ந்தால் அதுவும் குறையும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எச்3இல் மூன்று எண்களை 1 ஆகவும் மற்றவற்றைப் பூச்சியமாகவும் இடுங்கள். 35 தெரிவுகள் உள்ளன. மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திப்பவை 7, சந்திக்காதவை 28. இவை இரண்டு வேறு வகுப்புகள். உங்கள் நிரல் ஒரு வகுப்பு என்று சொன்னால் சமச்சீரை அளவுக்கு மீறி எடுத்திருக்கிறது. இரண்டுக்கு மேல் சொன்னால் 168இல் சிலவற்றைத் தவறவிட்டிருக்கிறது.

மறுமொழி 5: உருத்திரபுரத்து ஆசிரியர்

7உம் 28உம் இன்று மாலையே கையால் வரைந்து சரிபார்த்துவிட்டோம். வரிசைப்படுத்தும் பகுதியை நிரலிலிருந்து நீக்கி, 168 வரிசைமாற்றங்களையும் முதலில் உருவாக்கி வைக்கிறோம். எஃப்0ஐயும் சேர்த்த முதற்பட்டியல் வந்ததும் இங்கேயே இடுகிறேன். எஃப்4 திசைகளைக் குடும்பமாக எழுதும் முறையில் அக்காவின் திருத்தம் எங்களுக்கு வேண்டும்.