மைக்கை அவர் கொடுத்தாரா, இவர் பிடுங்கினாரா?

கோரையாறு:
நேற்று இந்தக் குழுவில் குறுவை பற்றிய பேச்சுக்கு நடுவில் நெல்லுக்காரர் ஐயா போகிறபோக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "தஞ்சை மண்ணில் அரசியலுக்கு வந்த பெண்ணுக்கு மரியாதை இல்லை என்பது மெட்ராஸ்காரர்கள் கட்டிவிட்ட கதை. எங்கள் ஊராட்சித் தலைவிக்குக் கிராமசபையில் பொன்னாடை போட்டோம். குளம் தூர்வாரிய கணக்கைக் கேட்டபோது அவரே மைக்கைக் கணவரிடம் கொடுத்தார். அவர் விருப்பம்."

இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கிராமசபையில் வார்டு உறுப்பினராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். தலைவி நோட்டைப் பிரித்து, கணக்கைப் படிக்க ஆரம்பித்திருந்தார். கணவர் எழுந்து வந்து, "அதெல்லாம் அவங்களுக்குத் தெரியாது, நான் சொல்றேன்" என்று மைக்கைப் பிடுங்கினார். கொடுக்கவில்லை ஐயா, பிடுங்கினார்.

நெல்லுக்காரர்:
அம்மா, எழுத்தைப் பார்த்தாலே நீங்கள் யார் என்று தெரிகிறது. பெயரைச் சொல்லமாட்டேன், அந்தப் பண்பு எனக்கு உண்டு. நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், வேப்பமரத்தடியில். தலைவி இரண்டு கையாலும் மைக்கை எடுத்துக் கொடுத்தார். கண்ணால் பார்த்தேன்.

காவிரி டெல்டாவுக்கு மரியாதை சொல்லித்தர யாரும் வேண்டாம். 2024-இல் மயிலாடுதுறைத் தொகுதியிலிருந்து ஒரு பெண்ணைத்தான் எம்.பி.யாக்கி டெல்லிக்கு அனுப்பினோம். கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் எல்லாம் சேர்ந்து போட்ட ஓட்டு அது. பெண்ணை மதிக்காத ஊர் இதைச் செய்யுமா?

குடமுருட்டி:
இரண்டு கையாலும் கொடுத்தாராம்! வேப்பமரத்தடியில் இருந்தவருக்குக் கை எண்ணும் அளவுக்குத் தெரிந்திருக்கிறது, முன்வரிசையில் இருந்த அக்காவுக்குத் தெரியவில்லையாம். நல்ல கண்ணாடி ஐயா, எந்தக் கடை?

எம்.பி. கதையை விடுங்கள். 2020-இல் தெற்குத்திட்டையில் என்ன நடந்தது? ஊராட்சித் தலைவர் ஆதிதிராவிடப் பெண். கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், அவர் தரையில். படம் வெளியே வந்த பிறகுதான் துணைத்தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள், ஊராட்சிச் செயலரைப் பணியிடைநீக்கம் செய்தார்கள். அதுவும் மெட்ராஸ்காரன் கட்டிவிட்ட கதையா?

நீடாமங்கலத்தான்:
தெற்குத்திட்டை கடலூர் மாவட்டம் தம்பி. டெல்டா பற்றிப் பேசும்போது டெல்டாவில் நில். அப்புறம், அது சாதிப் பிரச்சினை. இங்கே பேசுவது பெண்கள் பற்றி.

குடமுருட்டி:
டெல்டாவைக் காக்க 2020-இல் சட்டசபை நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள் அண்ணே. காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, குமராட்சி ஒன்றியங்கள் அதில் இருக்கின்றன. தண்ணீர் கேட்கும்போது மட்டும் டெல்டா, தப்பு நடந்தால் கடலூரா?

நீடாமங்கலத்தான்:
சட்டத்தில் எழுதினால் டெல்டாவாகிவிடுமா? புதுக்கோட்டையையும்தான் அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். வெண்ணாற்றுத் தண்ணீரில் குளித்தவனிடம் டெல்டா எது என்று பாடம் எடுக்காதே.

கோரையாறு:
இருவரும் எல்லைக்கல் நடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்காரவைத்தது சாதி மட்டும்தான் என்றால், நாற்காலி கிடைத்த பெண் தலைவர்கள் எல்லாரும் பேசியிருக்க வேண்டுமே? எங்கள் தலைவிக்கு நாற்காலி கொடுத்தார்கள். பொன்னாடையும் கொடுத்தார்கள். மைக்கைத்தான் பிடுங்கினார்கள்.

ஐயா, மரத்தடியிலிருந்து உங்களுக்குத் தெரியாத விஷயங்களைச் சொல்கிறேன். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்தது. நம் பக்கம் 2019 டிசம்பரில் தேர்தல். அப்போது எங்கள் ஊரில் வேட்பாளர் கூட்டம் நடந்த இடத்தில் வேட்பாளர் இல்லை. கணவரும் அண்ணனும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, "நாளைக்கு யூனியன் ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க, கையெழுத்துப் போடணும்" என்றார்கள். ஃபிளெக்ஸில் கணவர் படம் ஆள் உயரம், வேட்பாளர் படம் மூலையில். ஓட்டு கேட்டு வந்த வேனில் முன்சீட்டில் கணவர். ஜெயித்த அன்றைக்கு மாலை யார் கழுத்தில் விழுந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். முதல் மாலையைப் போட்டவர் நீங்கள்தான்.

அப்புறம் செக். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். ஆண் தலைவராக இருந்தபோது துணைத்தலைவர் வீட்டுக்குச் செக் புத்தகம் போகும், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் திரும்பி வரும். பெண் வந்ததும் "கணக்கைப் பார்க்கணும்", "வெளியூர் போறேன்", "வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா". மோட்டார் பழுதாகி, குடிதண்ணீர் இல்லாமல் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து தலைவியைத்தான் திட்டினார்கள், துணைத்தலைவரை இல்லை. செயலர் போன் செய்வதும் கணவருக்கு. ஒன்றிய அதிகாரி பிடிஓ கூட்டத்துக்குக் கூப்பிடுவதும் கணவரை. இத்தனையையும் செய்துவிட்டு, "அவருக்குத் தெரியாது" என்று சபையில் சொல்கிறார்கள். தெரிந்துகொள்ள யார் விட்டார்கள்?

அவருக்குக் கணக்கு தெரியும் ஐயா. எந்தக் குளத்தில் எத்தனை லோடு மண் எடுத்தார்கள், எந்த லோடு எந்தச் செங்கல் சூளைக்குப் போனது என்பது வரைக்கும் தெரியும். அதனால்தான் மைக்கைப் பிடுங்கினார்கள்.

நெல்லுக்காரர்:
இப்போதுதான் பூனைக்குட்டி வெளியே வருகிறது. மண் லோடு பேச்சை எடுத்தீர்களே, உங்கள் வார்டு வாய்க்காலுக்கு மதகு வரவில்லை என்ற கோபம் இன்னும் தீரவில்லை, அதுதானே? அன்றைக்கே தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவர் நீங்கள்.

திரும்பவும் சொல்கிறேன், கொடுத்தார். புருஷன் பெண்சாதிக்கு உதவி செய்வது குற்றமா? நடவுக்கு ஆள் கிடைக்காவிட்டால் வீட்டில் எல்லாரும் வயலில் இறங்குவதில்லையா?

கோரையாறு:
மதகு எனக்கு வரவில்லை என்று இல்லை ஐயா, எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஐப்பசி மழையில் கழுத்தளவு தண்ணீரில் சம்பா அழுகியது எங்கள் தெரு நிலத்தில். கேட்பதற்குத்தான் ஓட்டுப் போட்டார்கள், கேட்டேன். இதே கேள்வியை ஒரு ஆண் உறுப்பினர் கேட்டால் "தெருவுக்காகப் போராடுகிறார்" என்பீர்கள். நான் கேட்டால் கோபமா?

உதவி என்றால் பக்கத்தில் நின்று நோட்டைப் பிடித்துக்கொள்வது. பேச்சை நடுவில் அறுத்து மைக்கைப் பிடுங்குவது இல்லை.

தோழர் திருத்துறைப்பூண்டி:
கீழத்தஞ்சையின் வரலாறு தெரியாமல் இருதரப்பும் பேசுகிறீர்கள். மணலூர் மணியம்மை யார் என்று தெரியுமா? பிராமணக் குடும்பத்து இளம் விதவை. தலைமுடியைக் கிராப் வெட்டி, வேட்டி கட்டி, சட்டை போட்டு, பண்ணை ஆட்களைச் சங்கமாகத் திரட்டினார். 1953-இல் இறக்கும்வரை மிராசுதார்கள் அவரைக் கண்டு நடுங்கினார்கள். அவர் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் எரிந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்த மண்ணில் பெண் அரசியல் என்பது மைக் இல்லை, நிலம்.

நீடாமங்கலத்தான்:
தோழர், மணியம்மையைப் பேசுங்கள், கைதட்டுகிறோம். அவருக்குப் பிறகு உங்கள் கட்சி டெல்டாவில் சட்டமன்றத்துக்கு எத்தனை பெண்களை நிறுத்தியது? அதைச் சொல்லிவிட்டு வரலாறு எடுங்கள்.

பெண் அவமதிப்பு என்றால் 1989 மார்ச் 25. பட்ஜெட் நாள். எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா அம்மா சட்டசபையிலிருந்து தலை கலைந்து, சேலை கிழிந்து வெளியே வந்தார். தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா? திருக்குவளைக்காரர் கருணாநிதி ஆட்சியில் நடந்தது அது. அதைப் பேசாமல் மைக்கைப் பேசுகிறீர்கள்.

மூவலூர் பேரன்:
சேலையை இழுத்தார்கள் என்பது அவர் சொன்ன குற்றச்சாட்டு. அப்படி நடக்கவில்லை என்று திமுக அன்றிலிருந்து மறுக்கிறது. முப்பத்தைந்து வருடமாக இதே ஒரு கதையை வைத்து ஓட்டுகிறீர்கள்.

டெல்டாவில் பெண் அரசியல் என்றால் எங்கள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். திருவாரூரில் பிறந்தவர். தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1938 இந்தி எதிர்ப்பில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து போனவர், சிறைக்கும் போனவர். அவர் பெயரில் 1989-இல் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது யார்? 2022-இல் அதைப் புதுமைப்பெண் என்று மாற்றி, கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது யார்?

நீடாமங்கலத்தான்:
உள்ளாட்சியில் பாதி இடம் 2016-இல் கொடுத்தது யார்? அதையும் சொல்லிவிட்டுப் போங்கள் பேரா.

மூவலூர் பேரன்:
சட்டம் போட்டுவிட்டு மூன்று வருடம் தேர்தலே நடத்தாதது யார்?

நீடாமங்கலத்தான்:
கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது யார்?

கோரையாறு:
உங்கள் இரு கட்சிக்கும் சேர்த்தே கேட்கிறேன். 2021-இல் 234 பேர் சட்டசபைக்குப் போனார்கள். பெண்கள் 12. சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் பாதிக்குப் பாதி, உங்கள் கையில் சீட்டு இருக்கும் இடத்தில் பன்னிரண்டு. நாடாளுமன்றத்திலும் சட்டசபையிலும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். அதிலும் கணக்கெடுப்பு முடியட்டும், தொகுதி மறுவரையறை முடியட்டும் என்று வாசலிலேயே நிற்கவைத்திருக்கிறார்கள்.

மகளிர் அணிக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள்? தலைவர் வரும்போது ஒரே நிறச் சேலையில் வரிசையாக நிற்க வேண்டும், பூரண கும்பம் பிடிக்க வேண்டும், ஆரத்தி எடுக்க வேண்டும், ஆள் கூட்டிவர வேண்டும். முடிவெடுக்கும் கூட்டம் ராத்திரி பத்து மணிக்கு ரைஸ்மில்லில். போனால் "குடும்பப் பொம்பளைக்கு அங்கே என்ன வேலை" என்பீர்கள். போகாவிட்டால் "அரசியல் தெரியாது" என்பீர்கள். ஒரு கவுன்சிலர் அக்கா ஒரே ஒரு தடவை அப்படி ஒரு கூட்டத்துக்குப் போனார். மறுநாள் காலையில் டீக்கடையில் அவர் யார் பைக்கில் திரும்பினார் என்பதுதான் பேச்சு. கூட்டத்தில் அவர் கேட்ட ரேஷன் கடைக் கட்டடம் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் கடையில் இருந்தவர்களில் இங்கே எழுதுபவர் ஒருவரும் உண்டு. அவருக்கே தெரியும்.

நெல்லுக்காரர்:
ஜாடை பேசாதீர்கள் அம்மா. என்னைச் சொன்னால் என்னைச் சொல்லுங்கள். டீக்கடையில் ஆயிரம் பேச்சு இருக்கும். நான் யாரையும் தப்பாகப் பேசியவன் இல்லை. என் வீட்டிலும் இரண்டு பெண் பிள்ளைகள், இருவரையும் படிக்கவைத்தேன்.

குடமுருட்டி:
படிக்கவைத்தீர்கள், சரி. ஒருத்தியைத் தேர்தலில் நிறுத்துவீர்களா?

நெல்லுக்காரர்:
அவள் விருப்பம். மைக்கைக் கொடுத்ததும் தலைவியின் விருப்பம்தான்.

தோழர் திருத்துறைப்பூண்டி:
நீடாமங்கலத்தாருக்கு: எங்கள் கட்சியைக் கேட்பதற்கு முன் உங்கள் கட்சியில் அம்மா இருந்தபோது கூட்டத்தில் ஒரு பெண் மந்திரியாவது நிமிர்ந்து நின்றதுண்டா? ஆண் மந்திரிகளே நிமிரவில்லை!

நீடாமங்கலத்தான்:
ஆண்கள் ஒரு பெண்ணின் காலில் விழுந்ததற்கும் உங்களுக்கு வயிற்றெரிச்சல். பெண்ணை மதித்தாலும் குற்றம், மதிக்காவிட்டாலும் குற்றம்.

கோரையாறு:
மேலே இருக்கும் ஒருவர் காலில் விழுந்துவிட்டு, ஊருக்குத் திரும்பி வார்டு உறுப்பினரை "ஏம்மா, நீ உட்காரு" என்று அதட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வணக்கம் பதவிக்கு. கிராமசபையில் எங்களுக்கு அதில் ஒரு துளியும் வந்து சேரவில்லை.

நெல்லுக்காரர் ஐயா, ஒரே ஒரு கேள்வி. தலைவி விரும்பித்தான் கொடுத்தார் என்றால், அதற்கு அடுத்த கிராமசபைக்கு அவர் ஏன் வரவில்லை? அதற்கும் அடுத்ததற்கு ஏன் வரவில்லை? 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வரும்வரை வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது, ஆள் சபையில் இல்லை. வீட்டுக்கு அனுப்பித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இதையும் மரத்தடியிலிருந்து பார்த்தீர்களா?

நெல்லுக்காரர்:
உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள்.

கோரையாறு:
சொன்னது யார்?

நெல்லுக்காரர்:
வீட்டுக்காரர்தான் சொன்னார். பின்னே யார் சொல்வார்?

குடமுருட்டி:
அக்கா, அந்தக் கிராமசபை மினிட்டுக்கு நான் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறேன். தூர்வாரிய கணக்குக்கு யார் பதில் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

நெல்லுக்காரர்:
போடு தம்பி, தாராளமாகப் போடு. தலைவர் பதில் அளித்தார் என்றுதான் எழுதியிருக்கும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு மனு போடத்தான் உனக்குத் தெரியும். குடமுருட்டி என்று பெயர் வைத்துக்கொண்டால் போதாது, ஆற்றில் தண்ணீர் வரும்போது வந்து ஒரு நாள் மடை திருப்பிப் பார்.

கோரையாறு:
தலைவர் பதில் அளித்தார் என்று எழுதியிருக்கும் என்பது உங்களுக்கு எப்படி ஐயா இவ்வளவு உறுதியாகத் தெரியும்?

நீடாமங்கலத்தான்:
குடமுருட்டி, மேல்புவனகிரி பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.