கூசி வம்சாவளி: பிரெஞ்சு தெரிந்தவர்கள் உதவவும்

வட பிரான்சின் கூசி பிரபுக் குடும்பத்துக்கு வம்சாவளிப் படம் வரைகிறேன். ஏழு பேருக்கு ஒரே பெயர், ஆங்கெரான்! நான்காமவர் 1311-இல் பிள்ளையில்லாமல் இறக்க, சொத்து சகோதரியின் மகனுக்குப் போனது. அங்கேயே என் பென்சில் கோடு மூன்று முறை அழிந்து தாள் கிழிந்துவிட்டது.

ஏழாமவர் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் மருமகன். ஒட்டோமான் துருக்கியருக்கு எதிரான நிக்கோபோலிஸ் போரில் பிடிபட்டு 1397-இல் துருக்கியின் புர்சா நகரில் கைதியாகவே மடிந்தார். ஆண் வாரிசு இல்லை. மூத்த மகள் மாரி 1400-இல் கூசி நிலப்பகுதியை ஓர்லேயான் கோமகனுக்கு விற்றார். மன்னர் மகளை மணந்த வீட்டின் கதி இது.

மாரியின் சந்ததி பார் (Bar), லக்சம்பர்க் என்ற பிரபுக் குடும்பங்களில் கலந்ததைக் காட்டும் பிரெஞ்சு அட்டவணை ஒன்று கையில் இருக்கிறது. படித்துச் சொல்ல யாராவது முன்வருவீர்களா? பெயரைத் தமிழில் ஆங்கெரான் என்பதா, எங்கெரான் என்பதா?